நாலு மணி நாலு நிமிடம்

வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்கு ரயிலில் ஆறு தரிப்புகள். வேலைநாள் என்றால் கால் வைக்க இடம் கிடைக்காது. 2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் ஏறிய பெட்டியில் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பூட்டிக் கிடந்த கடைகள். ஊருக்குப் போக வேண்டியவர்கள் வெள்ளியும் சனியுமே மூட்டை முடிச்சோடு போய்விட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு வெறிச்சோடிவிடும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. போவதற்கு வேறு ஊர் இல்லாதவர்கள், மூன்று நான்கு தலைமுறையாகக் கொழும்பையே ஊராகக் கொண்டவர்கள், இங்கேயே இருக்கிறார்கள். மருதானை அவர்களுடைய இடம்.

என் பையில் வீட்டில் செய்த பயற்றம் பணியாரம் ஒரு டின்னும், கழுவிக் காயவைத்த வெறும் போத்தல் ஒன்றும் இருந்தன. போத்தல் மருத்து நீருக்கு. மருதானையில் இறங்கி முதலில் கப்பித்தாவத்தைக்கு நடந்தேன். யாரோ ஒரு கப்டனின் தோட்டமாக இருந்த இடம் மக்கள் வாயில் கப்பித்தாவத்தை ஆகிவிட்டது. தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் கயிலாசநாதர் கோயில். கொழும்பின் மிகப் பழைய சைவக் கோயில்களில் ஒன்று. கோயிலில் போத்தலும் கையுமாக ஒரு வரிசை. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, விஷ்ணுகிராந்தி, மஞ்சள், மிளகு, திப்பிலி, கோரோசனை எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய நீரை அண்டாவிலிருந்து அகப்பையால் மொண்டு ஊற்றினார்கள். சாயத்தண்ணீரின் நிறம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் முதலில் துளசி, பிறகு மிளகின் காரம். புண்ணியகாலத்தில் இதைத் தலையில் தேய்த்துக் குளிக்க வேண்டும். குளிக்கும்போது தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை. எந்த இலை என்பது வருடத்துக்கு வருடம் மாறும், பஞ்சாங்கம் சொல்லும்.

நிரம்பிய போத்தலோடு மாளிகாகந்தைப் பக்கம் ஏறினேன். நான் தங்கப்போவது அங்கே ஒரு ஒழுங்கையில் உள்ள ஒரு சிங்கள வீட்டில். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள உறவு ஐம்பது வருடப் பழையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரவு எட்டரைக்கு அந்த வீட்டு அம்மா என்னை மேசையில் இருத்திவிட்டார். எண்பதைத் தாண்டிய வயது. "புத்தே, ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது நொனகதய தொடங்கும். அதற்குள் கையைக் கழுவிவிடு" என்றார். அவர் சிங்களத்தில் பேசினார், நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "சரி அம்மே" என்றேன். எட்டு ஐம்பத்தேழுக்கு அடுப்பு கழுவித் துடைக்கப்பட்டுக் குளிர்ந்து கிடந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தையல் இயந்திரத்தின் மேல் ஒரு சீலை. வீடு முழுவதும் வேலையை நிறுத்தியிருந்தது.

'நகத' என்றால் சுபநேரம். எந்த வேலைக்கும் சுபநேரம் இல்லாத பொழுது நொனகதய. சூரியன் மீனத்தை விட்டு மேடத்துக்குள் முழுவதுமாக நுழைந்து முடிக்கப் 12 மணித்தியாலம் 48 நிமிடம் எடுக்கும் என்பது சிங்களச் சோதிடக் கணக்கு. சரிபாதியில் புத்தாண்டு பிறக்கும். 2025 இல் அது ஏப்ரல் 14 அதிகாலை 3.21. அதற்கு முன் 6 மணி 24 நிமிடம், பின் 6 மணி 24 நிமிடம். முதல் பாதியில் அடுப்பு எரியாது, சாப்பாடு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. விகாரைக்குப் போகலாம், பண எனும் அறவுரை கேட்கலாம், சும்மா இருக்கலாம். நம்முடைய பஞ்சாங்கத்தில் விஷு புண்ணியகாலம் எட்டு மணித்தியாலம், முன் நான்கு, பின் நான்கு. வாக்கியமா திருக்கணிதமா என்ற பிணக்கும் நமக்கு உண்டு. கணக்கு வேறானாலும் சூரியன் ஒன்றுதான்.

சும்மா இருத்தலை ஒரு நாடே சேர்ந்து செய்யும் அந்த இரவு எனக்கு மிகவும் பிடித்தது. மருதானையில் இரவு பத்து மணிக்கு இவ்வளவு அமைதி வேறெந்த நாளிலும் வாய்க்காது. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் மூடியிருந்தன. தெருவில் வாகனம் இல்லை. முன்விறாந்தையில் உட்கார்ந்தால் தூரத்தில் ரயில் நிலைய ஒலிபெருக்கி கேட்டது.

சித்திரைப் புத்தாண்டைப் பௌத்தர்களின் புத்தாண்டு என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதுண்டு. அது சரியில்லை. பௌத்த ஆண்டு வெசாக் பௌர்ணமியில் மாறுகிறது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்ததிலிருந்து எண்ணும் அந்தக் கணக்கில் 2025 மே மாதம் 2569 ஆம் ஆண்டு. நான் உட்கார்ந்திருந்த விறாந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் 1873 இல் நிறுவிய வித்யோதய பிரிவெனா இருக்கிறது. 1880 இல் அமெரிக்கரான கேணல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தபின் வலுப்பெற்ற பௌத்த மறுமலர்ச்சியின் இதயம் இந்த மருதானைதான். பௌத்த கொடியை வடிவமைத்த குழுவில் சுமங்கல தேரரும் இருந்தார். அந்தக் கொடி முதன்முதலில் ஏறியது 1885 ஏப்ரல் 28 வெசாக் அன்று, கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமயவில். வெசாக் பொதுவிடுமுறையானதும் அந்த வருடம்தான். அதாவது மதத்தின் பெயரால் மீட்டெடுக்கப்பட்ட நாள் வெசாக். சித்திரைப் புத்தாண்டை யாரும் மீட்டெடுக்க வேண்டியிருக்கவில்லை. அது எந்த ஆட்சியிலும் குசினியில் உயிரோடு இருந்தது.

எவ்வளவு காலமாக? 1660 இல் கண்டி அரசனின் கைதியாகி ஏறத்தாழ இருபது வருடம் மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில், இந்த மக்களின் ஆண்டு மார்ச் 28ஐ ஒட்டித் தொடங்குகிறது என்று குறித்திருக்கிறார். அன்றைய இங்கிலாந்து நாட்காட்டி இன்றையதைவிடப் பத்து நாள் பிந்தியது. அந்தப் பத்து நாளைக் கூட்டிப் பார்த்தால் ஏப்ரல் முதல் வாரத்துக்கு வந்துவிடும். விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு நூற்றாண்டுக்கு ஒன்றரை நாள் அளவில் நகர்வதால் மிச்சமும் பொருந்திப் போகிறது. 1821 இல் ஆங்கிலேய மருத்துவர் ஜோன் டேவி வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி மேல். கண்டி அரசின் நான்கு பெருவிழாக்களில் புத்தாண்டும் ஒன்று என்கிறார். அரண்மனைச் சோதிடர்கள் நேரம் குறிப்பார்கள். அரண்மனை வைத்தியர்களின் மேற்பார்வையில் நாத தேவாலயத்தில் காட்டுமூலிகைகளின் சாறு பிழிந்து ஆயிரம் சிறு பானைகளில் அடைத்து முத்திரையிட்டு அரண்மனைக்கும் கோயில்களுக்கும் அனுப்புவார்கள். புதுவருடத்தில் தலையில் பூசிக் குளிக்க.

இதை வாசித்த நாளிலிருந்து என் மனதில் ஒரு படம் பதிந்திருக்கிறது. கண்டியில் அந்த ஆயிரம் பானைகள், கப்பித்தாவத்தையில் இந்தப் போத்தல் வரிசை.

வீட்டு அம்மா என் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது எங்கள் நானு" என்றார். நானு என்பது அவர்கள் தலைக்குப் பூசும் மூலிகைக் கலவை. "இல்லை அம்மே, மருத்து நீர்" என்றேன். "பெயர் எதுவாக இருந்தால் என்ன? காலையில் எனக்கும் ஒரு கை ஊற்று" என்றார்.

அப்படியென்றால் இந்தப் புத்தாண்டில் பௌத்தம் எங்கே இருக்கிறது? பல வருடம் இதைப் பற்றி யோசித்திருக்கிறேன். சுபநேரத்தில் இல்லை. புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் நக்கத்த ஜாதகம் என்று ஒன்று உண்டு. நகரத்தார் கிராமத்தில் பெண் பேசி நாளும் குறித்துவிடுகிறார்கள். அன்று நட்சத்திரம் சரியில்லை என்று சோதிடன் சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மறுநாள் போனால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தாயிற்று. நட்சத்திரம் பார்ப்பவனை நன்மை தாண்டிப் போய்விடும் என்பது அந்தக் கதையின் செய்தி. நகத என்ற சிங்களச் சொல்லுக்கும் நக்கத்த என்ற பாளிச் சொல்லுக்கும் நம் நட்சத்திரத்துக்கும் வேர் ஒன்றே. ஆகவே சோதிடர் கையிலுள்ள தாளில் பௌத்தத்தைத் தேடுவதில் பயனில்லை.

பௌத்தம் இருந்தது புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன். ஏப்ரல் 12, சனிக்கிழமை, பக் மாதப் போயா, அதாவது பௌர்ணமி. அந்தப் போயா எதை நினைவுகூர்கிறது என்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. மகாவம்சத்தின்படி புத்தரின் இரண்டாவது இலங்கை வருகையை. மகோதரன், சூலோதரன் என்று இரண்டு நாக அரசர்கள். மாமனும் மருமகனும். மணிகள் பதித்த ஓர் ஆசனத்துக்காகப் படை திரட்டி நிற்கிறார்கள். புத்தர் அவர்களுக்கு நடுவில் வந்து உபதேசம் செய்கிறார். சண்டை நிற்கிறது. ஆசனத்தை இருவரும் அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். அது நடந்த இடம் நாகதீபம். பௌத்தர்கள் அதை நம் நயினாதீவு என்று நம்பி வணங்குகிறார்கள். ஒரு கதிரைக்காக அடித்துக்கொள்ள நின்ற உறவுக்காரர்களைச் சமாதானம் செய்ததுதான் இந்த மாதத்தின் பௌத்த நினைவு. புத்தாண்டு அன்று இளையவர்கள் வெற்றிலைக் கூறு கொடுத்து மூத்தவர்களின் காலில் விழுந்து, போன வருடத்துப் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். பேச்சை விட்டிருந்த அயலவர்கள் அன்று பேசிக்கொள்வார்கள். இந்தப் பண்டிகையின் பௌத்தம் இதுதான் என்பது என் முடிவு.

இப்போது அந்த வீட்டின் கதையைச் சொல்லலாம். என் அப்பா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தார். எழுபதுகளிலிருந்து இந்த வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தார். தைக்கு அப்பா பொங்கல் கொடுப்பார், சித்திரைக்கு அவர்கள் பலகாரம் கொடுப்பார்கள். நீல விளிம்பு போட்ட ஒரு பீங்கான் தட்டு அங்கும் இங்கும் போய்வந்தது. 1983 ஜூலைக் கடைசிக் கிழமை மருதானையிலும் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அப்பா மூன்று நாள் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார். பிறகு முகாம். பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். பத்தொன்பது சித்திரைகள் எந்தத் தட்டும் வரவில்லை, போகவுமில்லை.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர்கள் நாகதீபத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவராக இந்த அம்மாவும் வந்தார். யாழ்ப்பாணத்தில் விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தார். கையில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கெவும் பலகாரம். அப்பாவுக்கு வெற்றிலைக் கூறு ஒன்றைக் கொடுத்து, "அண்ணா, அந்தக் கிழமை உங்களை வாசல்வரைகூட வந்து வழியனுப்ப எங்களுக்குத் துணிவிருக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். தன் வீட்டில் மூன்று நாள் ஒளித்து வைத்து உயிர்காத்த பெண் கேட்ட மன்னிப்பு அது. அப்பா ஒன்றும் பேசவில்லை. என் அம்மாவைப் பார்த்து "தேத்தண்ணிக்கு உலை வை" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு பலர். அவர்கள் இன்னும் கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அதிகாலை 3.21க்கு வெடிச்சத்தம் ஊரை எழுப்பியது. எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில். விகாரையிலிருந்து மணி. எங்கோ ஒரு முற்றத்தில் ரபான் அடித்தார்கள். தணலில் தோலைச் சூடுகாட்டி இறுக்கிய பெரிய ரபான். பெண்கள் சுற்றியிருந்து இரண்டு கையாலும் அடிப்பது. விடுமுறை முடியும்வரை அந்தச் சத்தம் நின்று நின்று கேட்கும்.

அடுப்பு மூட்டும் நேரம் 4.04. குசினியில் எரிவாயு அடுப்பு இருந்தது. ஆனாலும் தரையில் தகரத் தட்டின் மேல் மூன்று செங்கல் வைத்து, தென்னோலையும் சிராய்களும் அடுக்கி, புது மண்முட்டியில் பால் வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் விநாடி எண்ணினார்கள். நான்கு தலைமுறை அந்தச் சின்னக் குசினிக்குள் நெருக்கியடித்து நின்றது. அம்மா தீக்குச்சியை உரசினார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது. ஓலை சடசடவென்று பிடித்து, புகை கண்ணைக் கரித்து, கொள்ளுப்பேத்தி இருமினாள். பால் நுரைத்து மேலே வந்தது. விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, எல்லாப் பக்கமும் வழிந்தது. தைப்பொங்கல் முற்றத்தில் நான் நின்றதுபோலவே இருந்தது. 'பொங்கலோ பொங்கல்' என்று வாய்வரை வந்துவிட்டது.

அதே நிமிடம் அம்பாந்தோட்டையிலும் அநுராதபுரத்திலும் கண்டியிலும் அடுப்பு எரிந்திருக்கும். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே நிமிடத்தில் தீ மூட்டும் இன்னொரு பண்டிகை உலகில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதே சங்கிராந்தியைத் தாய்லாந்தில் சொங்கிரான் என்றும் மியன்மாரில் திஞ்சான் என்றும் தண்ணீர் வீசிக் கொண்டாடுகிறார்கள். கம்போடியாவிலும் லாவோசிலும் இந்நாட்களே புத்தாண்டு. சொங்கிரானை 2023 இலும் திஞ்சானை 2024 இலும் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கெல்லாம் நீர், இங்கே நெருப்பு.

6.44க்கு முதற்கவளம். நடுவில் கிரிபத் எனும் பாற்சோறு, வைரவடிவில் வெட்டியது. பக்கத்தில் லுனுமிரிஸ் சம்பல், வாழைப்பழம். சுற்றிப் பலகாரம். கொண்டக் கெவுமைச் சுடுவதை நான் முந்திய வருடங்களில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அரிசிமாவையும் கித்துள் பாணியையும் குழைத்துச் சுடுதேங்காயெண்ணெயில் ஊற்றி, நடுவில் ஈர்க்கைக் குத்திச் சுழற்றிக்கொண்டே, அகப்பையால் எண்ணெயை அள்ளி அள்ளி அதன் மேல் விட வேண்டும். மாவு ஈர்க்கைச் சுற்றி எழும்பிக் கொண்டை கட்டும். கை நின்றால் கொண்டை விழுந்துவிடும். அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸின் பெயர் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. அதிரச என்ற பெயரைச் சொல்லவே வேண்டாம், நம் அதிரசம். ஒரு தட்டுப் பலகாரத்தில் இத்தீவின் சரித்திரம் முழுவதும் இருக்கிறது. அதை ஒரே இனத்தின் சொத்தாக்கிப் பேசுவோர் அந்தத் தட்டை ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு கனுதெனு. நாம் கைவிசேடம் என்பதை அவர்கள் கொடுத்து வாங்குதல் என்கிறார்கள். நம்மில் பெரியவர் கொடுக்கிறார், சிறியவர் வாங்குகிறார். அவர்களிடம் வாங்கியவர் திருப்பியும் கொடுக்க வேண்டும். முன்னாட்களில் கிணற்றோடுகூடக் கனுதெனு உண்டு. மல்லிகைப்பூவும் காசும் போட்டு, புதுநீர் அள்ளுவார்கள். இந்த ஒழுங்கையில் கிணறு தூர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அம்மா குழாயடியில் இரண்டு பூவை வைத்துத் தண்ணீர் பிடித்தார். வெற்றிலையில் சுற்றிய காசை என்னிடம் தந்தார். நான் வாங்கி, காலைத் தொட்டு, என் காசைக் கொடுத்தேன். பிறகு அவர் கேட்டபடி மருத்து நீரை அவருடைய உச்சியில் ஒரு கை விட்டேன். நரைமுடிக்குள் ஒரு துளசியிலை ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க விடவில்லை.

பகலில் தெருவில் நடந்தேன். டவர் மண்டபம் மூடியிருந்தது. 1911 இலிருந்து அந்த இடத்தில் நிற்கும் அரங்கு. ஆனந்தாக் கல்லூரி மைதானத்தில் ஆளில்லை. ஸாஹிறாக் கல்லூரிப் பக்கம் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை மட்டும் திறந்திருந்தது. புத்தாண்டு நாளில் பாண் கிடைக்காத கொழும்பில், ஊருக்குப் போக முடியாத கூலித்தொழிலாளிக்கும் காவலாளிக்கும் சோறு போடுவது இந்தக் கடைகள்தான். முதலாளியின் மேசையில் மூன்று தட்டுக் கெவும் இருந்தது, மூன்று வீடுகளிலிருந்து வந்தது. 2022, 2023 இல் சித்திரை நோன்பு மாதத்துக்குள் விழுந்தபோது அந்தத் தட்டுகளை மூடிவைத்து நோன்பு திறக்கும்போது சாப்பிட்டார்களாம். 2022 ஏப்ரலில் நாடே விளக்கில்லாமல் எரிவாயு இல்லாமல் தவித்தபோது காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் பாற்சோறு பொங்கியதையும் அவர் நினைவுபடுத்தினார்.

புதன்கிழமை 16 ஆம் திகதி காலை 9.04க்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும் நகத. அதையும் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். விகாரை மண்டபத்தில் மூத்த தேரர் அமர்ந்திருந்தார். பாய், அதன் மேல் காலடிக்கு இலை. மேலே தலைக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்ட இலை. எந்த இலை என்பதை அவர்களுடைய 'லித' சொல்லும், நம் பஞ்சாங்கம் மருத்து நீருக்குச் சொல்வதுபோல. என் முறை வந்தது. தேரர் நெற்றியிலிருந்து உச்சிவரை எண்ணெயைத் தடவி, பாளியில் வாழ்த்தி, நான் எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அடுத்தவரைப் பார்க்குமுன் இன்னொரு சொட்டு வைத்தார்.

புறப்படும்போது அம்மா ஒரு பொதியைக் கொடுத்தார். வெள்ளவத்தைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். கெவும், கொக்கிஸ், அதிரச. அடியில் நீல விளிம்புப் பீங்கான் தட்டு, ஓரத்தில் ஒரு சிறு உடைவோடு. நாற்பத்திரண்டு வருடமாக அதை வைத்திருந்திருக்கிறார். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை. தை முதலாம் திகதி பொங்கலோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.